முனைக்கு ஒரு ஹாரன்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

மிஸ் கவிதா. எங்களுக்குப் பாடம் நடத்தியவர். ரவாங்கிலிருந்து வருவார். என் மகளைவிட இளையவர்.

எச்.ஆர். சந்திரன். எங்கள் கம்பெனி ஆபீஸ் ஆள். கூர்மூக்குச் சப்பாத்து. கையில் போன். அன்று நேரம் பார்ப்பது அவர் வேலை.

கோபால். என்னைப் போல ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். சாலாக் செலாத்தான்காரன். வாய் ஓயாது.

ரோஸ்லான். டிரைவர். கோபால் பேசுவதையெல்லாம் கேட்டுத் தலையாட்டுவார். அவருக்குத் தமிழ் தெரியாது.

ஆ செங். டிரைவர். தமிழர்களோடு வேலை செய்தே தலை நரைத்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

என் மனைவி இந்திராணி. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில். மடியில் கைப்பை.

நான்.

தரையில் நாலு வண்டி. ரோபோ என்று சொல்லவேண்டும். நாங்கள் வண்டி என்றுதான் சொன்னோம். ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டு டப்பா அளவு. பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒரு சின்ன உருண்டை, வயிற்றுக்குக் கீழே இரண்டு கண்.

தரை முழுக்க வெள்ளைப் பலகை. அதன்மேல் கறுப்பு டேப்பில் ஒரு பாதை. பதினோரு முனை. யார் கையும் படாமல் வண்டி தானாக அந்தப் பாதையில் ஓடி முடிக்கவேண்டும். இரண்டு நிமிடத்துக்குள்.

மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். வண்டியைக் கோட்டின் மேல் வைத்தேன். சந்திரன் போனைத் தட்டினார். நான் சுவிட்சைத் தட்டினேன்.

வண்டி போனது. முதல் முனைக்கு வந்தது. நின்றது. ஹாரன் அடித்தது.

இந்திராணி தலையைத் திருப்பினாள். அவளுக்கு வண்டி தெரியாது. சத்தம் தெரியும்.

எனக்கும் தெரிந்துவிட்டது. அந்த ஹாரன் இருக்கவேண்டியதைவிட இரண்டு மடங்கு நீளம்.

கிள்ளானா டெங்கிலா

போன இரண்டு வாரமும் லோரி அட்டெண்டன்டாக இருந்த காலத்தை எழுதினேன். இது அதற்கு ரொம்பப் பின்னால், அண்மையில் நடந்தது. வரிசையாக எழுதினால் நல்லது என்று பத்திரிகை ஆசிரியர் சொன்னார். எனக்கு வரிசையாக நினைவு வருவதில்லை.

கிள்ளானில் ஒரு கம்பெனி ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். சரக்கு அடுக்கிய பேலட்டைத் தூக்கு, ரேக்கில் வை, இறக்கு. விவரிக்க வேறொன்றும் இல்லை.

ஒருநாள் டிரைவர்கள் எல்லாரையும் கண்டீனுக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் படம் காட்டினார்கள். பெரிய ஸ்டோர். பேலட் தானாக நகர்கிறது. அடியில் தட்டையாக ஒரு இயந்திரம். ஆள் இல்லை.

படம் முடிந்தது. கோபால் மட்டும் கையைத் தூக்கினான். பத்து மணிக்கு அது தே குடிக்கப் போகுமா என்று கேட்டான். போகாது என்று சந்திரன் சொன்னார். கோபால் கையை இறக்கிக்கொண்டான்.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். அந்த இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வழியில் நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கவேண்டும். விருப்பமுள்ள டிரைவர்களுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பு. சின்னதாக ஒரு ரோபோ செய்து, அதற்குப் புரோகிராம் எழுதி, கடைசியில் ஓட்டிக் காட்டவேண்டும். பாஸானால் கிள்ளானிலேயே இருக்கலாம், பகல் வேலை. இல்லாவிட்டால் டெங்கில் ஸ்டோர். அங்கே இரவு வேலை மட்டும்தான்.

பலர் டெங்கில் போதும் என்றார்கள். நாலு பேர் பெயர் கொடுத்தோம்.

எனக்குப் படிப்பில் ஆசை இல்லை. தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளிக்கு முந்தின புகுமுக வகுப்புக்குப் போனேன். பாதியில் நின்றேன். யாரும் தேடி வரவில்லை.

பெயர் கொடுத்த காரணம் இந்திராணி. இனிப்பு நீர் வியாதி அவள் கண்ணைப் பிடித்துவிட்டது. வெளிச்சம் தெரியும். எதிரே ஆள் நின்றால் நிழலாகத் தெரியும். தரை தெரியாது. எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் ஒரு படி இருக்கிறது. அதில் ஒருதரம் விழுந்திருக்கிறாள். பகலில் பக்கத்து வீட்டு ஆன்டி வந்து பார்ப்பார். இரவில் யார் வருவார். மகள் ஜொகூரில் இருக்கிறாள், அவளுக்கும் குடும்பம் இருக்கிறது.

அவளை இரவில் தனியாக விட முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

பின்னால் கண்

வகுப்பு பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு மாடி அறையில். கீழே பூக்கடை. மல்லிகை வாசம் படி ஏறி வரும். பக்கத்து அறையில் சனிக்கிழமை காலையில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளைகள் காலைத் தட்டினால் எங்கள் மேசையிலிருந்து ஸ்குரூ உருண்டு விழும். முதல் சனிக்கிழமை பாதி நேரம் மேசைக்கு அடியிலேயே போனது.

மிஸ் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார். சக்கரம், மோட்டார், பேட்டரி, ஒரு சின்ன பச்சைப் பலகை, ஒயர்கள், இரண்டு கண். பெட்டி உங்களுக்கே சொந்தம், வகுப்பு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றார். கம்பெனி ஆளுக்கொரு பழைய லேப்டாப்பும் கொடுத்தது. அது சொந்தம் இல்லை.

மிஸ் தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். கறுப்பும் வெள்ளையும்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியும். வேறு நிறம், மேடு பள்ளம், ஆள் அரவம் எதுவும் தெரியாது. கறுப்புக் கோடு எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் திரும்பும். அதை வைத்தே வழி போய்விடும்.

நான் கேட்டுக்கொண்டேன். வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்த ஒரு ஆள் என் வீட்டிலும் இருக்கிறாள். அதை அங்கே சொல்லவில்லை.

படம் பார்த்து நாங்களே வண்டியைக் கட்டவேண்டும். கண்ணை எங்கே பொருத்துவது என்று யோசித்துப் பொருத்தச் சொல்லிவிட்டு மிஸ் போன் பேச வெளியே போனார். திரும்பி வந்து நாலு வண்டியையும் பார்த்தார்.

நாலு பேரும் கண்ணைப் பின்பக்கம் பொருத்தியிருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்யவில்லை. தனித்தனியாகச் செய்தோம்.

மிஸ் மெதுவாகக் கேட்டார், ஏன் என்று.

ஃபோர்க்லிஃப்ட் பின் சக்கரத்தில்தான் திரும்பும். முன்பக்கம் அசையாமல் இருப்பது போல இருக்கும், வால் வீசிக்கொண்டு போகும். ரேக்கில் இடிப்பது வால். ஆளை இடிப்பதும் வால். புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்வது, முன்னால் பார்க்காதே, வாலைப் பார். பேலட் உயரமாக இருந்தால் முன்னால் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அப்போது ரிவர்ஸில்தான் ஓட்டவேண்டும். இப்படி ஓட்டியே எங்களுக்கு வயசாகிவிட்டது.

ரோஸ்லான் இதையெல்லாம் மலாயில் விளக்கினார். ஆ செங் எழுந்து நின்று பின்பக்கம் ஆட்டிக் காட்டினார்.

மிஸ் சிரிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இப்படி யாரும் பொருத்தியதில்லை என்றார். ஓடவிட்டுப் பாருங்கள் என்றார்.

ஓடவிட்டோம். நாலு வண்டியும் கோட்டை விட்டு வெளியே போய் வட்டம் போட்டன. ஒன்று நாட்டிய வகுப்பின் கதவுவரை போய்விட்டது.

"அங்கிள், இது எங்க போகுதுன்னு பாக்கல. எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்குது," என்றார் மிஸ்.

ஸ்குரூவைக் கழற்றி முன்னால் மாட்டினோம். கை மாட்டியது. மனசு ஒப்பவில்லை. கோபால் பஸ் ஸ்டாப்வரை அதையே பேசிக்கொண்டு வந்தான்.

ஒரு புள்ளி, ஒரு கமா

கட்டுவது சுலபம். எழுதுவதுதான் பாடு.

எழுதுவதெல்லாம் இங்கிலீஷ். முதல் நாள் ஒரு சொல் அடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. எழுத்துகள் லேப்டாப்பில் ஏன் வரிசையாக இல்லை என்று கேட்டேன். மிஸ்ஸுக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்து அடுத்த வாரம் சொன்னார். நான் மறந்துவிட்டேன்.

விஷயம் ஒன்றுதான் என்றார். வண்டி ஒரு கேள்வி கேட்கும். இடது கண்ணில் கறுப்பா? ஆமாம் என்றால் இடது பக்கம் திரும்பும். இல்லை என்றால் அடுத்த கேள்வி. வலது கண்ணில் கறுப்பா? இப்படியே ஒரு வினாடிக்குள் ஆயிரம் தடவைக்கு மேல் கேட்கும். சலிக்காது.

எங்கள் சூப்பர்வைசரும் இப்படித்தான் என்று கோபால் சொன்னான். ஆ செங், இல்லை, அவன் கேள்வியே கேட்கமாட்டான், நேரே திட்டுவான் என்றார். திட்டுவதை மட்டும் தமிழில் செய்து காட்டினார். பக்கத்து அறையில் சலங்கை நின்றது. மிஸ் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு குறி போடவேண்டும். மேலே புள்ளி, கீழே கமா. அது இல்லாவிட்டால் முழுப் புரோகிராமும் நின்றுவிடும். திரையில் சிவப்பு எழுத்து வரும். முக்கியமான விஷயம், சிவப்பு காட்டுகிற வரியில் தப்பு இருக்காது. அதற்கு மேல் வரியில் இருக்கும். மேல் வரியைப் பாருங்கள் என்று மிஸ் எங்களுக்கு எத்தனை தடவை சொன்னார் என்று தெரியாது. தூக்கத்தில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

வண்டி ஒரு இடத்தில் நிற்கவேண்டும் என்றால் எவ்வளவு நேரம் என்று எண் போடவேண்டும். ஒரு வினாடி என்றால் ஒன்று போடக்கூடாது, ஆயிரம் போடவேண்டும். வினாடியை ஆயிரமாக வெட்டி எண்ணுமாம். எதற்கு அவ்வளவு பொடியாக வெட்டவேண்டும் என்று கேட்டேன். நமக்கு ஒரு வினாடி சின்னது, அதற்குப் பெரிது என்றார்.

நாலைந்து வாரத்தில் நாலு வண்டியும் நேர்கோட்டில் ஓடின. முனையில்தான் தொல்லை. ஒவ்வொரு முனைக்கும் கொஞ்சம் முன்னால் குறுக்கே ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கும். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் கறுப்பு தெரிந்தால் முனை வருகிறது என்று அர்த்தம். என் வண்டி அதைப் பார்த்தும் வேகத்தில் தாண்டி வெளியே போய்விடும். மற்றவர்கள் வேகத்தைக் குறைத்துத் திரும்ப வைத்துவிட்டார்கள். அது எனக்குப் பிடிபடவில்லை. மிஸ் இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தார். நான் தலையாட்டினேன்.

அவள் கேட்டது

வீட்டிலும் ஓட்டிப் பார்ப்பேன். எங்கள் வீட்டுத் தரை வெள்ளை டைல்ஸ். படுக்கையறைக் கதவிலிருந்து சுவரோரமாகச் சமையலறைக்கு, அங்கிருந்து குளியலறை வாசலுக்கு டேப் ஒட்டினேன். அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிற வழி அதுதான். அங்கேதான் நாற்காலி மேசை ஒன்றும் இல்லாமல் தரை காலியாக இருந்தது. வேறு நோக்கம் இல்லை.

ஒருநாள் மாலை வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இந்திராணி தண்ணீர் குடிக்க வந்தாள். அவள் காலுக்கும் வண்டிக்கும் ஒரு சாண்தான் இருந்தது. நான் கத்தினேன். அவள் அப்படியே நின்றாள். சுவரில் ஒரு கை. மறு கையில் காலி கிளாஸ்.

"நீங்க வந்தா செருப்புச் சத்தம் கேக்கும். இது வர்றது எனக்கு எப்படித் தெரியும்?"

வண்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தேன்.

எங்கள் ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு. ரேக் முனைக்கு வந்தால் நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்பவேண்டும். பல வருடத்துக்கு முன்னால் ஒரு டிரைவர் அடிக்காமல் திரும்பினான். மறுபக்கம் பேலட் எண்ணிக்கொண்டிருந்த ஒருவருக்கு இரண்டு கால்விரல் போனது. அவர் இப்போது ரவாங்கில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, விற்கிறார். போன வருடம் பார்த்தேன். நடை சரியாகத்தான் இருக்கிறது. சோற்றோடு வைக்கிற மிளகாய்ச் சம்பால் கொஞ்சம் இனிப்பு.

அடுத்த சனிக்கிழமை மிஸ்ஸிடம் ஹாரன் வேண்டும் என்றேன். ஒரு சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சாமான் கொடுத்தார். மூன்று வரி எழுதச் சொல்லிக்கொடுத்தார். முனை வந்தால் நிற்கும், ஒரு வினாடி ஹாரன் அடிக்கும், பிறகு திரும்பும்.

ஓட்டினேன். வண்டி முனையில் வெளியே போகவில்லை. நின்றுவிட்டுக் கிளம்புவதால் வேகம் இல்லை, அதனால் ஒழுங்காகத் திரும்பியது. பதினோரு முனையும் திரும்பியது. ஹாரனுக்காக நிறுத்தியது, நிறுத்தியதால் திரும்பியது. இது நான் யோசித்துச் செய்ததில்லை.

ஆனால் நேரம் போனது. மிஸ் பார்த்தார். நூற்று இருபத்து நாலு வினாடி. இரண்டு நிமிடம் என்பது நூற்று இருபது.

ஹாரனை எடுத்துவிட்டால் முனையில் வெளியே போகும். வைத்தால் நேரம் தாண்டும். மிஸ் பாதி வழி சொன்னார். ஆயிரத்தை ஐந்நூறு ஆக்குங்கள், அரை வினாடி போதும், பதினோரு முனைக்கு ஐந்தரை வினாடி மிஞ்சும் என்றார். ஆக்கினேன். ஓட்டினோம். உள்ளே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஓட்டினேன். இந்திராணி சமையலறையில் நின்று கேட்டாள். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"கொசு மாதிரி கேக்குது. எந்தப் பக்கம்னு பிடிக்கிறதுக்குள்ள நின்னு போகுது. பழசு நல்லா இருந்துச்சு."

அது பரீட்சைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. அவளுக்காக மறுபடி ஆயிரம் போட்டு ஒருதரம் ஓட்டிக் காட்டினேன். ஹாரன் அடித்தது. அவள் நேராக வண்டி இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினாள். அதன் பின்னாலேயே குளியலறைவரை நடந்தாள். சுவரைத் தொடவில்லை. வாசல் படிக்கு முன்னால் வண்டி கடைசி ஹாரன் அடித்தது. அவள் காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

"எனக்கு வழி தெரியும். துணைக்கு ஒரு ஆள் போற மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

சாப்பிட்டோம். காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மூடினேன்.

எலுமிச்சம்பழம்

காலையில் பக்கத்து வீட்டு ஆன்டி கதவைத் தட்டினார். ஈப்போவில் கல்யாணம், மறந்தே போய்விட்டேன், இன்றைக்கு இருக்க முடியாது என்றார். இந்திராணியைத் தனியாக விட மனசில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சேலை மாற்ற, மருந்து எடுக்க, பையைத் தேட நேரம் ஓடியது. கொமுட்டர் ரயில் வந்து நிற்கும்போதுதான் ஸ்டேஷனுக்குள் நுழைந்தோம். அவளைப் பிடித்து ஏற்றினேன். வண்டி என் மடியில் இருந்தது. லேப்டாப் பையில் இருந்தது. எண் மனசில் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு முன்னால் கோபால் குந்தி உட்கார்ந்திருந்தான். அவன் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழத்தில் பாதி மல்லிகை. சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம். புது வண்டி எடுத்தால் செய்வதுதானே என்றான்.

சுவிட்சைப் போட்டான். வண்டி பழத்தில் முட்டி நின்றது. ஏறவில்லை. பழம் வண்டியைவிடக் கனம் போல. கோபால் வண்டியின் முதுகில் கையை வைத்து அழுத்தினான். பழம் நசுங்கியது. சாறு டயர் முழுக்க.

"நீயும் ஒன்னு வைண்ணே."

நேரமாகிவிட்டது என்றேன். ஆ செங் ஒன்று வாங்கி வைத்தார். அவர் டயரைத் துடைத்துவிட்டு மாடி ஏறினார்.

மறுபடியும் அந்த அறை

பரீட்சையின் விதி இதுதான். ஆளுக்கு இரண்டு ஓட்டம். நல்ல ஓட்டத்தைக் கணக்கில் எடுப்பார்கள். நடுவில் புரோகிராமை மாற்றலாம், ஆனால் அவரவரே மாற்றவேண்டும், மிஸ் தொடக்கூடாது. சந்திரன் இதைத் தமிழிலும் மலாயிலும் படித்தார்.

ரோஸ்லான் முதல் ஓட்டத்திலேயே பாஸ். ஆ செங்கும் பாஸ். ஆ செங் ஒரு தமிழ்ச் சொல் சொன்னார். சந்தோஷத்தில் சொன்னது. இந்திராணி கைப்பையைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு நான். ஓட்டத்தின் தொடக்கத்தை முதலிலேயே எழுதிவிட்டேன். முதல் ஹாரனிலேயே தெரிந்துவிட்டது. ஆயிரத்தை மாற்றாமல் வந்துவிட்டேன். வண்டி ஒவ்வொரு முனையிலும் நின்று, நிதானமாக, முழு வினாடி ஹாரன் அடித்தது. பக்கத்து அறையில் அன்று நாட்டியம் இல்லை. ஹாரன் அறை முழுக்கக் கேட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஓடுகிற வண்டியைத் தொட முடியாது.

எல்லா முனையும் திரும்பியது. முடிவுக் கோட்டில் நின்றது.

"நூற்று இருபத்து நாலு," என்றார் சந்திரன். நாலு வினாடி கூட.

நல்லா ஓடுச்சு அங்கிள், ஆனா ரூல் ரூல்தான், நான் போட்டதில்லை என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அஞ்சு நிமிடத்தில் இரண்டாவது ஓட்டம் என்றார்.

லேப்டாப்பைத் திறந்தேன். மிஸ் இரண்டு எட்டு வந்தார், பிறகு நின்றுகொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்த வரியைத் தேடினேன். கண்டுபிடித்தேன். ஆனால் கை போகவில்லை. ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முந்தின நாள் அவள் சுவரைத் தொடாமல் நடந்தது கண்ணில் நின்றது.

சுவரோரத்திலிருந்து இந்திராணி சொன்னாள்.

"ஏங்க. அரையாக்கிடுங்க. இங்க எனக்கு நடக்க வேண்டியதில்ல."

என்ன அரை என்று சந்திரன் கேட்டார்.

ஆயிரத்தை அழித்தேன். ஐந்து அடித்தேன். சைபர், சைபர். கோபால் முதுகுக்குப் பின்னால் நின்று, சைபர் எத்தனை போட்டண்ணே என்று கேட்டான். இரண்டு என்றேன். போதும் என்றான், அவனுக்கு என்னமோ தெரிந்த மாதிரி.

வண்டிக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு வந்தது.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஒன்றும் படிக்க முடியவில்லை. நிதானமாகப் படித்தாலும் எனக்குப் புரியாது. மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். சந்திரன் போனைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

சிவப்பு காட்டுகிற வரியை விட்டேன். மேல் வரியைப் பார்த்தேன். ஐந்நூறு இருந்தது. அடைப்பு இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆயிரத்தை அழிக்கும்போது கூடவே போயிருக்கிறது.

புள்ளியும் கமாவும் போட்டேன். மறுபடி அழுத்தினேன். சிவப்பு போனது.

வண்டியைக் கோட்டில் வைத்தேன். சந்திரன் போனைத் தட்டினார். நான் சுவிட்சைத் தட்டினேன்.

இந்தத் தரம் வண்டியைப் பார்க்கவில்லை. பார்த்தால் வேகமாகப் போகப் போவதில்லை. இந்திராணியின் கையைப் பார்த்தேன். ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருதரம் வண்டி கோட்டை விட்டு ஆடியது போல ரோஸ்லான் மூச்சை இழுத்தார். அவள் விரல் அப்படியே நின்றது. பிறகு ஹாரன் கேட்டது. மடக்கினாள். பத்து விரலும் முடிந்தது. அதற்கு மேல் விரல் இல்லை. முதல் விரலை மறுபடி நீட்டினாள்.

"நூற்றுப் பத்தொன்பது," என்றார் சந்திரன்.

மிஸ் என் தோளைத் தட்டினார். நான் வண்டியின் சுவிட்சை அணைத்தேன். பேட்டரி வீணாகும்.

கடைசியாகக் கோபால். முதல் ஓட்டத்தில் நாலாவது முனையில் சக்கரம் ஒட்டி ஒட்டி இழுத்துக்கொண்டு வெளியே போனது. டயரைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி விட்டான். ஏழாவது முனைவரை போனது. எலுமிச்சை காரணமா, வேறு காரணமா என்று தெரியாது. யாரும் கேட்கவில்லை. கோபால் வண்டியைத் தூக்கி மல்லிகையைச் சரி செய்தான்.

"டெங்கில் கிட்டதான்லா," என்றான்.

சாலாக் செலாத்தானிலிருந்து டெங்கில் கிட்ட இல்லை. ரோஸ்லான் தலையாட்டினார். தமிழ் தெரியாவிட்டாலும் அது புரிந்திருக்கும்.

கீழே இறங்கி எல்லாரும் வடையும் தேயும் சாப்பிட்டோம். கோபால்தான் வாங்கிக் கொடுத்தான். வேண்டாம் என்றால் கேட்கமாட்டான்.

ஞாயிறு

கொமுட்டரில் திரும்பும்போது ஷா ஆலம் தாண்டியதும் இந்திராணி சொன்னாள், இரண்டாவது ஓடியது நம்ம வண்டி மாதிரியே இல்லை, யாரோ வேற ஆள் வண்டி மாதிரி இருந்தது என்று. ஆமாம் என்றேன். பகல் வேலைதானே, இனி இரவில் வீட்டில் இருப்பீங்க, எனக்கு எதுக்கு அது என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை லேப்டாப்பைக் கம்பெனியில் திருப்பிக் கொடுக்கவேண்டும். வண்டி எங்களுக்கு, லேப்டாப் அவர்களுக்கு. அது போய்விட்டால் வண்டிக்குள் இருக்கிற எண்ணை மாற்ற எனக்கு வழியில்லை. என்ன போடுகிறேனோ அதுதான் கடைசிவரை.

காலைச் சாப்பாடு முடிந்தது. அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வானொலி பாடியது. டேப் ஒரு இடத்தில் கிளம்பியிருந்தது, குளியலறைப் படிக்குப் பக்கத்தில். குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன்.

பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். அந்த வரிக்குப் போனேன். புள்ளியும் கமாவும் போய்விடாமல் எண்ணை மட்டும் அழித்தேன். புது எண் அடித்தேன். இந்தத் தரம் சிவப்பு வரவில்லை.

ஆயிரம்.